பாறையத் தேடிப் போய் சேறு கொண்டு வந்த கப்பல்கள்

கொழும்பு துறைமுகத்துக்கு நம்ம தேயிலைய ஏத்திட்டுப் போற கப்பல் வரும், எண்ணெய்க் கப்பல் வரும், இதெல்லாம் மலைநாட்டுல இருக்குற நமக்கும் தெரியும். ஆனா நட்ட நடுவுல தண்ணி மட்டத்துல இருந்து 60 மீட்டருக்கு மேல உசரமான இரும்புக் கோபுரம் வச்ச கப்பல் ஒண்ணு 1987ல வந்திச்சு, 2015ல வந்திச்சு, 2016லயும் வந்திச்சு, விஞ்ஞானிங்கள எறக்குறதும் புது ஆளுங்கள ஏத்துறதுமா நின்னுட்டுப் போயிருச்சு, நம்மல்ல எத்தன பேருக்கு அது தெரியும்னு கேட்டா கை விட்டு எண்ணிரலாம். பேரு ஜொய்டெஸ் ரெசல்யூஷன். மூணு நாலு கிலோமீட்டர் ஆழக் கடல்ல போய் நின்னு, கீழ தரையில துளை போட்டு, உள்ள இருக்குற சேறையும் பாறையையும் நீட்டுத் துண்டா வெளிய எடுக்குறதுதான் அதோட வேலையா இருந்திச்சு. எண்ணெய்க்காக இல்ல, ஆராய்ச்சிக்காக மட்டும். அதுக்கும் முன்னாடி, 1972ல, நாடு இன்னும் சிலோனா இருந்தப்பவே, குளோமர் சேலஞ்சர்ங்கிற மூத்த கப்பல் டார்வின்ல இருந்து கொழும்புக்கு வந்து, இங்க இருந்து ஜிபூட்டி வரைக்கும் துளை போட்டுக்கிட்டே போயிருக்கு.

இந்தக் கப்பல்களோட கதையில எனக்குப் புடிச்சதே என்னன்னா, எதுக்குன்னு கிளம்புனாங்களோ அது இன்னைக்கு வரைக்கும் நடக்கல. நடுவுல குறுக்க கெடந்த சேறுதான் கடைசியில பெரிய சொத்தாப் போச்சு.

கிளம்புனது எதுக்குன்னா பூமியோட மேல் ஓட்டத் தாண்டி, அதுக்கு அடியில இருக்குற மேண்டில்ங்கிற பாறை அடுக்கத் தொடுறதுக்கு. 1909ல குரோஷியாவுல ஒரு நில நடுக்கம் வந்திச்சு, அந்த அதிர்வலைங்கள் வெவ்வேறு ஊர்ல எத்தன மணிக்குப் போய்ச் சேந்திச்சுன்னு மொஹொரோவிசிச்ங்கிற விஞ்ஞானி கணக்குப் போட்டுப் பாத்தப்போ, ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழ அலைங்க திடீர்னு வேகமாப் போறது தெரிஞ்சிச்சு. அதாவது அங்க பாறையே வேற. அந்த எல்லைக்கு அவரு பேர வச்சு சுருக்கமா மோஹோன்னு சொல்றாங்க. நம்ம இலங்கைக்கு அடியில அது சுமார் 35 கிலோமீட்டர் கீழ இருக்கு. தரையில அவ்வளவு ஆழம் தோண்ட யாராலயும் முடியாது, ரஷ்யாக்காரங்க கோலா பக்கம் வருஷக்கணக்கா தோண்டி 12,262 மீட்டரோட நிறுத்திட்டாங்க, உள்ள சூடு அப்பிடி. ஆனா கடலுக்கு அடியில ஓடு ரொம்ப மெலிசு, ஆறு ஏழு கிலோமீட்டர்தான். அப்போ கடல்ல போய்த் தோண்டுனா என்ன?

இந்த யோசனை 1957ல கலிபோர்னியாவுல வால்டர் மங்க்ங்கிற கடல் விஞ்ஞானி வீட்டுல காலைச் சாப்பாட்டுல வச்சுப் பேசி முடிவானதுதான். அவரு, நிலவியல் விஞ்ஞானி ஹாரி ஹெஸ், இன்னும் சில பேரு. அவங்களுக்கு ஒரு சங்கமும் இருந்திச்சு, உறுப்பினர் பட்டியலும் கிடையாது, சட்ட விதியும் கிடையாது, பாதி வெளையாட்டுக்கு ஆரம்பிச்ச சங்கம், அதுதான் மோஹோ வரைக்கும் துளை போடுற இந்த மோஹோல் திட்டத்த அமெரிக்க அரசாங்கத்துக்கிட்ட கொண்டு போயி காசும் வாங்கிருச்சு. 1961ல கஸ் 1ங்கிற துளைப்புக் கப்பல மெக்சிகோவோட குவாடலூப்பே தீவுப் பக்கம் கொண்டு போனாங்க. தண்ணி ஆழம் மட்டும் 3,500 மீட்டருக்கு மேல, பீதுருதாலகால மலைய அப்பிடியே தூக்கி உள்ள வச்சாலும் உச்சிக்கு மேல இன்னொரு ஆயிரம் மீட்டர் தண்ணி நிக்கும்.

அந்த ஆழத்துல நங்கூரம் போட வழியில்ல. கப்பல் ஒரே எடத்துல நிக்கலன்னா குழாய் வளைஞ்சு ஒடைஞ்சிரும். அதுக்காகக் கப்பலச் சுத்தி மிதவைங்கள கட்டி விட்டு, நாலு மூலையிலயும் பெரிய மோட்டார் பூட்டி, காத்தும் நீரோட்டமும் தள்ளத் தள்ள திரும்ப எடத்துக்குக் கொண்டு வந்துக்கிட்டே இருந்தாங்க. கப்பல் தானா நிக்கிற இந்த முறைதான் இன்னைக்கு உலகம் பூரா ஆழ்கடல் எண்ணெய்க் கம்பெனிங்க பாவிக்கிறதுக்கு ஆரம்பம். குழாயோட மெலிவு எப்பிடின்னா, மூணு மாடிக் கட்டடத்து மேல இருந்து தையல் நூல் ஒண்ண தொங்க விட்டு, அதோட நுனியில தரையில ஓட்டை போடுற மாதிரி. அப்பிடியும் போட்டாங்க. கடல் தரைக்குக் கீழ 183 மீட்டர், அதுல கடைசி 13 மீட்டர் பசால்ட்ங்கிற எரிமலைப் பாறை. கடல் ஓட்டோட அந்தப் பாறைய மனுஷன் துளை போட்டு எடுத்தது அதுதான் முதல் தடவை.

அதுக்கப்புறம் நடந்தது நமக்குப் பழக்கமான கதைதான். செலவு ஏறிக்கிட்டே போச்சு, கான்ட்ராக்ட் யாருக்குப் போகணும்ங்கிறதுல அரசியல் பூந்திச்சு, விஞ்ஞானிங்களே ரெண்டு பக்கமாப் பிரிஞ்சாங்க, 1966ல அமெரிக்கக் காங்கிரஸ் காசு தர முடியாதுன்னு கதவச் சாத்திருச்சு. மோஹோல் முடிஞ்சிச்சு.

ரெண்டு பக்கமாப் பிரிஞ்சதுல ஒரு கூட்டம் சொன்னத கவனிக்கணும். ஒரே ஒரு ஆழத் துளைக்காக இவ்வளவு காச கொட்டாதீங்க, பல எடத்துல சின்னச் சின்னத் துளையாப் போட்டு மேல இருக்குற சேறையே எடுப்போம்னு அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என்னக் கேட்டா அவங்க சொன்னதுதான் சரி, வரலாறும் அவங்க பக்கம்தான் நின்னுச்சு. 1968ல குளோமர் சேலஞ்சர் கிளம்புனது அந்த யோசனையிலதான், 1983 வரைக்கும் 624 எடத்துல துளை போட்டுச்சு.

அதோட மூணாவது பயணத்துலயே, 1968 கடைசியிலயும் 69 ஆரம்பத்துலயும், பெரிய வெற்றி. அட்லாண்டிக் நடுவுல வடக்குத் தெற்கா கடலுக்கு அடியில ஒரு நீட்டு மலைத்தொடர் ஓடுது, அங்க புதுப் பாறை பொறந்து ரெண்டு பக்கமும் நகந்து போகுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, நம்பாதவங்களும் நெறையப் பேர் இருந்தாங்க. தெற்கு அட்லாண்டிக்ல அந்த மலைத்தொடருக்குப் பக்கத்துல ஒரு துளை, தள்ளி ஒண்ணு, இன்னும் தள்ளி ஒண்ணுன்னு போட்டு, பாறைக்கு நேர் மேல படிஞ்ச சேறோட வயசப் பாத்தாங்க. தூரம் கூடக் கூட வயசும் அதே கணக்குல கூடிக்கிட்டே போச்சு, வருஷத்துக்கு ஒரு பக்கம் சுமார் 2 சென்டிமீட்டர். கண்டம் நகருதுங்கிறதுக்கு இதவிட நேரான சாட்சி வேணுமா?

இதுல நம்ம ஆளுங்க யோசிக்காத ஒரு விஷயம் இருக்கு. கடல்னா ஆதி காலத்துல இருந்து அப்பிடியே கெடக்குதுன்னு நெனைப்போம். இன்னைக்கு இருக்குற பெருங்கடல் தரையில ரொம்பப் பழசுன்னு சொல்ற பசிபிக் ஓடே சுமார் 18 கோடி வருஷம்தான். நம்ம அட்டன், நுவரெலியா மலையில கொழுந்துச் செடிக்கு அடியில கெடக்குற பாறை பூமிக்குள்ள ஆழத்துல வெந்து உருமாறினதே 50 கோடி வருஷத்துக்கும் மேல முன்னாடி. கடல் தரை நம்ம மலைக்குப் பேரப்புள்ள முறை.

சரி, இந்தச் சேற எப்பிடித்தான் எடுக்குறாங்க? மண்சரிவு ஆபத்து இருக்குற பக்கம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து போர் போட்டு, உருளை உருளையா மண்ணையும் கல்லையும் எடுத்து நீட்டுப் பெட்டியில வரிசையா அடுக்கி வைக்கிறதப் பாத்தவங்களுக்குச் சுலபமா புரியும், அந்த உருளைதான் கோர். கப்பல்லயும் அதேதான், ஆனா குழாய கீழ விடவே அரை நாள் ஆகும், ஒவ்வொரு துண்டா மாட்டி மாட்டி எறக்கணும். நுனியில துளைக்கிற பிட் தேஞ்சு போனா முழுக் குழாயையும் மேல இழுத்து மாத்தி, திரும்ப அதே துளைக்குள்ள விடணும், நாலு கிலோமீட்டருக்குக் கீழ இருட்டுல அந்தத் துளைய எங்கன்னு தேடுறது? 1970ல அதுக்கும் வழி கண்டுபுடிச்சாங்க, துளை வாயில சில மீட்டர் அகலத்துல பெரிய புனல் மாதிரி ஒண்ண வச்சிட்டு, சோனார்ங்கிற ஒலி அலைக் கருவி வச்சுத் தேடி உள்ள விடுறது. இளகுன சேற சுத்தித் துளைச்சா எல்லாம் கலங்கிப் போயிரும்னு 1970கள் கடைசியில இன்னொரு கருவி வந்திச்சு, சுத்தாம தண்ணி அழுத்தத்துல ஒரே குத்தா குழாய சேத்துக்குள்ள எறக்கிரும், பின்னால வந்த வடிவத்துல ஒம்பதரை மீட்டர் வரைக்கும், படிவு அடுக்கு கலையாம வரும். இது வந்ததுக்கு அப்புறம்தான் பழைய காலநிலைய வரிசையாப் படிக்கிற வேலையே ஒழுங்கா நடந்திச்சுன்னு சொல்லணும்.

மேல வந்த கோர ஒன்றரை மீட்டர் துண்டா வெட்டி, நீட்டுவாக்குல ரெண்டாப் பொளந்து, ஒரு பாதிய ஆராய்ச்சிக்கும் மத்தப் பாதிய தொடாம பாதுகாத்து வைக்கிறதுக்கும் எடுப்பாங்க. வயசு தெரிய ரெண்டு வழி முக்கியம். சேத்துல கண்ணுக்குத் தெரியாத அளவு கடல் உயிரிகளோட ஓடுங்க கோடிக்கணக்குல கெடக்கும், எந்தக் காலத்துல எந்த இனம் இருந்திச்சுன்னு தெரியும். இன்னொண்ணு பூமியோட காந்தத் திசை அப்பப்ப தலைகீழா மாறும், சேறு படியும்போது அந்தத் திசை அதுக்குள்ள பதிஞ்சிரும். அந்த ஓடுகளுக்குள்ள இருக்குற ஆக்சிஜன்ல பாரமானதும் லேசானதுமா ரெண்டு வகை எவ்வளவு எவ்வளவு இருக்குன்னு அளந்தா, அந்தக் காலத்துல கடல் எவ்வளவு சூடு, துருவத்துல பனி எவ்வளவுங்கிறதையும் கிட்டத்தட்ட சொல்லிரலாம்.

1972ல கொழும்புக்கு வந்த பயணத்துல வங்காள விரிகுடாவுக்குத் தெக்க நீட்டமா ஓடுற தொண்ணூறு கிழக்கு மலைத்தொடர்ல துளை போட்டாங்க. இன்னைக்கு 1,600 மீட்டருக்கு மேல தண்ணிக்கு அடியில இருக்குற ஒரு எடத்துல பழுப்பு நிலக்கரி வந்திச்சு. நிலக்கரின்னா காடு இருந்திருக்கணும், அப்போ அந்த எடம் ஒரு காலத்துல தண்ணிக்கு மேல தீவா இருந்திருக்கு! அந்த மலைத்தொடர் வடக்கப் போகப் போக பழசாகுது, பூமிக்குள்ள இருந்து எரிமலைக் குழம்பு கக்குற எடத்து மேல, பூமி ஓட்டோட பெரிய துண்டுகள்ல ஒண்ணான இந்தியத் தட்டு வடக்க நகந்துக்கிட்டே போன தடம்தான் அது. மத்தியதரைக் கடல் சுமார் 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வத்தி உப்புப் பாலைவனமாப் போச்சுன்னு கண்டுபுடிச்சதும் 1970ல இந்தக் கப்பல்தான், அது தனிக் கதை, இன்னொரு நாளைக்கு எழுதலாம்.

நமக்குப் பக்கத்துல இருக்குற சேத்துக்கு வருவோம். இமயமலைய மழை கரைச்சு கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வந்து கடல்ல கொட்டுற மண்ணு, வங்காள விரிகுடா தரை பூரா விசிறி மாதிரி பரந்து, இலங்கையையும் தாண்டி பூமத்திய ரேகைக்குத் தெக்க வரைக்கும் சுமார் 3,000 கிலோமீட்டர் போகுது, வடக்குப் பக்கம் அதோட தடிப்பு சுமார் 16 கிலோமீட்டர். உலகத்துலயே பெரிய சேத்து விசிறி இதுதான். நம்ம தோட்டத்து மண்ணும் மகாவலியில போயி திருகோணமலைக்குப் பக்கத்துல இருக்குற ஆழக் கடல் பள்ளத்தாக்கு வழியா உள்ள எறங்குது, இமயத்துக்கு முன்னாடி அது ஒரு கைப்பிடி கூட இல்ல.

1987 ஜூலையில ரெசல்யூஷன் கொழும்புல இருந்து கிளம்பி, நமக்கு நேர் தெக்க பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழ அந்த விசிறியோட வால் பக்கத்துல துளை போட்டுட்டு ஆகஸ்ட்ல திரும்பக் கொழும்புக்கே வந்திச்சு. அந்த ஜூலை 29ந் தேதிதான் கொழும்புல இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, நாடே அதப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்திச்சு, சேத்தப் பத்தி யாரு கேக்கப் போறாங்க. ஆனா அந்தச் சேத்துல 17 மில்லியன் வருஷத்துக்கு முன்னாடியே இமயமலை கரைஞ்சு இவ்வளவு தூரம் வந்திருக்குன்னு இருந்திச்சு. அதோட இலங்கைக்குத் தெக்க கடல் ஓடு தட்டு நடுவுலயே மடிஞ்சு நெளிய ஆரம்பிச்சது சுமார் 7, 8 மில்லியன் வருஷத்துக்கு முன்னாடின்னும் தேதி கெடைச்சிச்சு. 2015ல திரும்ப வந்தப்போ வடக்கு 8 பாகையில, அதாவது நம்ம வாழைச்சேனை பொலன்னறுவை பக்கம் போற அதே அட்சக்கோட்டுல, கிழக்க நடுக்கடல்ல வரிசையா ஏழு எடத்துல துளை போட்டுட்டு கொழும்புல வந்து முடிச்சாங்க.

அதுக்கு முந்தின பயணம் மழையத் தேடி. 2014 அக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்துல லயம் லயமா மண்ணுக்குள்ள போச்சே, அதுக்குச் சரியா ஒரு மாசம் கழிச்சு, நவம்பர் 29ல, ரெசல்யூஷன் சிங்கப்பூர்ல இருந்து வங்காள விரிகுடாவுல பருவமழையோட பழைய கணக்கப் பாக்கக் கிளம்பிச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்ல, தேதி மட்டும்தான். இந்தியாவோட மகாநதி வாய்க்கு வெளிய எடுத்த கோர வச்சு 9 லட்சம் வருஷத்துப் பருவமழைய வரிசைப்படுத்தி 2021ல வெளியிட்டாங்க. மழை கூடுறதுக்கும் குறையுறதுக்கும் காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு, துருவப் பனியோட அளவு, தெக்கு இந்து சமுத்திரத்துல இருந்து வர்ற ஈரம், இதுதான் முக்கியக் காரணமா வருது. கார்பன் டை ஆக்சைடு கூடுனா தென்னாசியாவுல மழை கூடும்னு கம்ப்யூட்டர் மாடல்கள் சொல்றதுக்கு இது பழைய காலத்துல இருந்து ஒரு சாட்சி. ஆனா இத வச்சு அடுத்த வருஷம் பதுளையில சரியுமா சரியாதான்னு சொல்ல முடியாது. அந்தக் கோர் சொல்றது இந்தியாவோட கோடைப் பருவமழைய. நம்ம மேக்குப் பக்கச் சரிவுக்குத் தென்மேல் மழை, ஊவாப் பக்கத்துக்கு பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து வர்ற மழை, ரெண்டுக்கும் கணக்கு வேற. இந்த வித்தியாசத்தச் சொல்லாம பயமுறுத்துற செய்திங்க நெறைய சுத்துது, அதனால இங்கயே சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பெருசாப் படுறது 2016ல கொழும்புல இருந்து கிளம்புன பயணம். 2004 டிசம்பர் 26, போயா நாள், ஞாயித்துக்கிழமை, காலையில ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி சுமாத்ராவுக்கு வெளிய 9.1 அளவுல நடுக்கம், கண்டிக்குப் பக்கத்துல பல்லேகலையில இருக்குற நில நடுக்கக் கருவியில சில நிமிஷத்துல அந்த அதிர்வு வந்து சேந்திருச்சு, கிழக்குக் கரைக்கு அலை வரக் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் இருந்திச்சு. ஜனங்களுக்கு எச்சரிக்கை சொல்ல அப்போ ஒரு ஏற்பாடும் இல்ல. அது ஒரு பக்கம். விஞ்ஞானிங்களுக்கு இருந்த கேள்வி வேற. தட்டு தட்டுக்கு அடியில போற எடத்துல மேல் பக்கம் எளகுன சேறுதான் இருக்கும், வெடிப்பு ஆழத்துல தொடங்கி மேல வர வர அந்தச் சேத்துல அடங்கிப் போயிரணும், ஆனா சுமாத்ராவுல வெடிப்பு அடங்காம கடல் தரைக்குக் கிட்ட வரைக்கும் வந்திருக்கு, அதனாலதான் அலை அவ்வளவு பெருசு. ஏன்?

அதுக்குப் பதில் தேட, தட்டு உள்ள எறங்குறதுக்கு முன்னாடியே அது மேல கெடக்குற சேத்த, அது எறங்குற ஆழக் கடல் பள்ளத்துல இருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, துளை போட்டு எடுத்தாங்க, 4 கிலோமீட்டருக்கு மேல தண்ணி, அதுக்குக் கீழ கிட்டத்தட்ட 1,500 மீட்டர் துளை. அதுவும் பெரும்பாலும் இமயமலைச் சேறுதான், அங்க வரைக்கும் போயிருக்கு. அடியில இருந்த படிவுல வழக்கமான கடல் தண்ணிய விட உப்பு கொறைஞ்ச தண்ணி இருந்திச்சு. கனிமங்களுக்குள்ள பூட்டிக் கெடந்த தண்ணி சூட்டுல வெளிய வந்ததோட அடையாளம் அது. சேறு அவ்வளவு தடிப்பா மேல குவிஞ்சதால அடியில சூடு ஏறி, பள்ளத்துக்குப் போறதுக்கு முன்னாடியே தண்ணிய விட்டு இறுகிப் போயிருச்சு, இறுகுனதால வெடிப்ப மேல வரைக்கும் கொண்டு வர்ற அளவுக்கு பலமாவும் ஆயிருச்சு. 2017ல இத வெளியிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, எங்கயோ இமயத்துல மழை கரைச்ச மண்ணு, லட்சக்கணக்கான வருஷமா குவிஞ்சு இறுகி, கல்முனையிலயும் காலியிலயும் வந்த அலையோட உசரத்துல பங்கு எடுத்திருக்கு.

இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு. 2011 ஜப்பான் சுனாமிக்கு அடுத்த வருஷமே சிக்யூங்கிற ஜப்பான் கப்பல் 6,900 மீட்டர் தண்ணிக்குக் கீழ போயி வழுக்குன பிளவையே தேடித் துளைச்சு எடுத்திச்சு. அங்க இருந்தது அஞ்சு மீட்டர் தடிப்பு கூட இல்லாத மெலிசான களிமண் அடுக்கு, வழவழன்னு உராய்வு ரொம்பக் கொறைஞ்ச சாதி, அதனால அம்பது மீட்டர் அளவுக்கு வழுக்கிருச்சு. சுமாத்ராவுல சேறு பலமா இருந்ததால பெரிய அலை, ஜப்பான்ல பலமே இல்லாததால பெரிய அலை. ஒரே பாடத்த எல்லா எடத்துக்கும் போட முடியாதுங்கிறது கோர் எடுத்துப் பாக்காம தெரியவே வந்திருக்காது.

மோஹோவ மறந்துட்டாங்களான்னா இல்ல. 2015 நவம்பர் கடைசியில ரெசல்யூஷன் கொழும்புல இருந்துதான் அதுக்கும் கிளம்பிச்சு, தென்மேற்கு இந்து சமுத்திரத்துல அட்லாண்டிஸ் பேங்க்ங்கிற எடத்துல மோஹோ கிட்ட வரும்னு கணக்கு, அந்தப் பயணத்துல கிட்டத்தட்ட 790 மீட்டரோட நிக்க வேண்டியதாப் போச்சு. 2023ல அட்லாண்டிக்ல அட்லாண்டிஸ் மாசிஃப்ங்கிற கடலடி மலையில 1,268 மீட்டர் வரைக்கும் துளைச்சு மேண்டில் பாறை எடுத்தப்போ மோஹோவத் தொட்டுட்டாங்கன்னு சில பேர் போட்டிருந்தாங்க, அது தப்பு. அங்க பூமி அசைவுல மேண்டில் பாறை தானாவே மேல தள்ளி வந்து கெடக்குது, ஓட்டத் துளைச்சுக்கிட்டு யாரும் உள்ள போகல. சாதனைதான், சந்தேகமே இல்ல, ஆனா 1957ல பேசுன சாதனை இது இல்ல.

அந்தப் பாறைய எடுத்த ரெசல்யூஷன் கப்பலையே அமெரிக்கா 2024ல ஓய்வுக்கு அனுப்பிருச்சு, செலவு கட்டுப்படி ஆகலன்னு. மாத்துக் கப்பல் தயாரா இல்லாம இருக்குறத நிறுத்துறது புத்திசாலித்தனமான வேலையா எனக்குத் தெரியல. அதே வருஷம் நவம்பர்ல சீனா மெங் சியாங்ங்கிற புதுக் கப்பல குவாங்சோவுல எறக்கிருச்சு, 11 கிலோமீட்டர் வரைக்கும் துளைக்கலாம்னு வடிவமைச்சது, மோஹோதான் குறின்னு வெளிப்படையாவே சொல்றாங்க. ஜப்பானும் ஐரோப்பாவும் சேந்து 2025ல இருந்து வேற திட்டமா நடத்துறாங்க.

இந்த சர்வதேசத் திட்டங்கள்ல எடுத்த கோர் கிட்டத்தட்ட எல்லாம் மூணு எடத்துல குளிர் அறையில இருக்கு, ஜெர்மனியில பிரேமன், அமெரிக்காவுல டெக்சாஸ், ஜப்பான்ல கொச்சி, கேரளா கொச்சி இல்ல. நம்ம இந்து சமுத்திரத்துக் கோர் எல்லாம் அந்த ஜப்பான் கொச்சியிலதான். எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் காரணத்த எழுதிக் கேட்டா சாம்பிள் குடுப்பாங்க, அளவெடுத்த தரவெல்லாம் இன்டர்நெட்ல இலவசமாவே கெடக்குது. பேராதனையில நிலவியல் துறை இருக்கு, அங்க படிக்கிற நம்ம மலையகப் புள்ளைங்க யாராவது பருவமழைய எடுக்குறதா இருந்தா யூ 1446, சுனாமிச் சேத்த எடுக்குறதா இருந்தா யூ 1480, யூ 1481, துளை போட்ட எடங்களோட இந்த எண்ணுங்கள வச்சுத் தேட ஆரம்பிக்கலாம்.